இடது பக்கம் சாய்ந்த தாளம்

என் மகள் மெட்ரோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலால் போனில் தாளம் கட்டுகிறாள். சால்ட் லேக்கில் ஏறினால் இறங்குவதற்குள் ஒன்று முடிந்துவிடுகிறது. பிடிக்கவில்லையென்றால் விரலால் தள்ளி அழித்துவிட்டு அடுத்தது. நாற்பதைத் தாண்டிய உங்களுக்கும் எனக்கும் இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். நாம் பள்ளிக்கூடம் போன நாட்களில் இதே வேலைக்கு ஒரு மேஜை நிறையச் சாமான் வேண்டியிருந்தது. அப்படி ஒரு மேஜை ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தது. அதனால்தான் எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியவந்தது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி வந்த வங்காளத் தலைநகரில், சால்ட் லேக்கில், அரசுக் குடியிருப்பில் இரண்டாவது மாடி கொடுத்திருந்தார்கள். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. வீட்டுக்குள் அந்த ஊர்த் தமிழ்தான். வாசல்படியைத் தாண்டினால் நான் வங்காளம் பேசினேன். அம்மாவுக்கு வங்காளம் வரவில்லை. காய்கறிக்காரரிடமும் பால்காரரிடமும் ஏதோ ஒரு இந்தியை வைத்துச் சமாளிப்பாள். மற்றபடி அவளுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் நான்தான் நின்றேன். யார் என்ன சொன்னாலும் என்னைப் பார்ப்பாள். நான் தமிழில் சொல்வேன்.

எங்களுக்கு மேலே கடைசி மாடியில் ஒரு தாதாவும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். தாதா என்றால் அங்கே அண்ணன். கல்லூரி முடித்துவிட்டு ரேடியோ விளம்பரங்களுக்கும் துர்கா பூஜை நிகழ்ச்சிகளுக்கும் தாளம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஆடி மழையில் அவர்கள் கூரை ஒழுகத் தொடங்கியது. அதுவும் சரியாக அவருடைய கம்ப்யூட்டருக்கு மேலே. ஒரு மத்தியானம் தாதாவின் அம்மா மானிட்டரை ரப்பர் ஷீட்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் தாதா, தலையில் ஒரு ஸ்பீக்கரோடு. கூரை வேலை முடிகிறவரை எங்கள் முன்னறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா நாற்காலிகளை ஓரமாக இழுத்துப்போட ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் வந்த அப்பா செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தார்.

"நம்ம வீடு என்ன குடோனா?"

"மழையில நனைஞ்சிட்டு நிக்கிறாக. என்னத்தச் சொல்ல?" என்றாள் அம்மா.

அந்த மேஜையை உங்களுக்குக் காட்ட வேண்டும். இப்போது அதில் ஒரு சாமான்கூட எங்கும் இல்லை. முதுகு புடைத்த மானிட்டர். அதன்மேல் பூவேலை செய்த வெள்ளைத் துணி. பஞ்சு உரிந்து காதில் கரித்தூள்போல ஒட்டும் பெரிய ஹெட்போன். ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பி. எல்லாவற்றுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பெட்டி. அதன் முகத்தில் வரிசைக்கு நாலாக ரப்பர் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு சத்தம். ஒன்றைத் தட்டினால் பெரிய முரசு, இன்னொன்றைத் தட்டினால் கைத்தட்டல், மற்றொன்றில் ஜால்ரா. தட்டியதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வண்ணச் செங்கல்களாக வரிசை கட்டி நிற்கும். எந்தச் செங்கலையும் தள்ளி வைக்கலாம், எடுத்துவிடலாம், சத்தத்தைக் கூட்டலாம், இடது பக்கமோ வலது பக்கமோ அனுப்பலாம். மழை நாளில் அந்த அறையில் சூடான பிளாஸ்டிக் வாசனையும் காயாத துணி வாசனையும் கலந்து கிடக்கும்.

அம்மா முதலில் தொட்டது தூசி துடைக்கும்போதுதான். துணி ஒரு சதுரத்தில் அழுந்தியது. ஸ்பீக்கரிலிருந்து 'தும்' என்று வந்தது. அம்மா இரண்டு எட்டு பின்னால் போனாள். எதுவும் உடையவில்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தாள். நான் கணக்குப் போடுவதுபோல் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'தும்'. பிறகு அதற்குப் பதில் சொல்வதுபோல ஒரு கைத்தட்டல். பிறகு நான் கணக்கை மறந்துவிட்டேன்.

அம்மாவுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அவள் பிறந்த வீட்டுக்கும் ஒரு விசைத்தறிக் கொட்டகைக்கும் ஒரே சுவர். "ராத்திரி பூரா ஓடும். அது நின்னாத்தான் எங்களுக்கு முழிப்பு வரும்" என்பாள். அவள் விரல்களில் இருந்தது அந்த ஓட்டம்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தட்டும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். பாதம் தரையில் தனியாக ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் தாதா சீக்கிரம் வந்துவிட்டார். அம்மா கையை எடுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். தாதா கோபிக்கவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார். அம்மாவை அவர் காக்கிமா என்பார், சித்தி மாதிரி; அப்பாவைக் காக்கு என்பார், சித்தப்பா மாதிரி. பதிவு செய்து காட்டியபோது அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா விழுந்தத மட்டும் எடுத்துரலாமா?"

"எடுக்கலாம்மா" என்றேன்.

"மத்ததெல்லாம் அப்படியே இருக்குமா? நெசமாவா?" அவள் வெகுநேரம் அதையே யோசித்தாள். "தையல்ல ஒண்ணு தப்பாப் போனா பூராத்தையும்ல பிரிக்கணும்."

அதன்பிறகு மத்தியானங்கள் மாறிப்போயின. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அம்மா அந்தப் பெரிய ஹெட்போனுக்குள் இருப்பாள். வாசல் கதவை நானே திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். வராந்தாவில் ஈர வேட்டியை உதறும்போது வரும் 'டப்' சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. தாதா மைக்கை நீட்டிப் பிடித்து, அதை ஒரு சதுரத்துக்குள் போட்டுக் கொடுத்தார். அப்பாவின் வேட்டி அப்படித்தான் வாத்தியமானது. எங்கள் பிளாக் பூஜையில் சின்னப் பிள்ளைகள் ஆடப்போகும் ஆட்டத்துக்குத் தாளம் போடும் வேலை தாதாவிடம் வந்திருந்தது. அதைக் காக்கிமாவே செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்.

புரட்டாசியில் அத்தை வந்து இறங்கினார். அப்பாவுக்கு அக்கா. பூஜை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். வந்த அன்றே நான் "தாதா வந்திருக்கார்" என்று சொன்னதும் பதறிவிட்டார்.

"தாதாவா? ரவுடிப் பயலயா வீட்டுக்குள்ள விட்டிருக்கீக?"

அதை விளக்கிச் சிரித்து முடித்தோம். ஆனால் அந்த மேஜையை அத்தைக்கு விளங்கவைக்க முடியவில்லை. சமையலறையிலிருந்து கூப்பிடுவார், அம்மா திரும்ப மாட்டாள். ஹெட்போன் இல்லாதபோதும் சில சமயம் திரும்ப மாட்டாள். அத்தைக்கு அது புதிதில்லை. கல்யாணமான புதிதில் பெரியப்பா கூப்பிட்டு அம்மா காதில் வாங்காமல் போன கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். திமிர் என்று அப்போதே பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா அதை அசட்டை என்பார். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பாசிரியை, பாவம் உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முடிவுகட்டியிருந்தார். இஷ்டமிருந்தால்தான் அம்மாவுக்குக் காது கேட்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஆளுக்கொரு காரணம் கையில் இருந்ததால் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை இலைவடாம் பொரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து தீ மேலே எழும்பிவிட்டது. "ஏம்மா, இங்க வா" என்று கத்தினார். அம்மா சன்னலோரம், சமையலறை தன் இடது பக்கம் இருக்க நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அப்பா ஓடிப்போய் மூடியைப் போட்டு அணைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுவர் மட்டும் கறுத்துப்போனது.

"பாத்தியா தம்பி? நான் வெந்து செத்தாலும் திரும்பமாட்டா. எல்லாம் அந்தக் கொட்டுப் பெட்டி செய்யிற வேலை."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "மேல போயி அந்தப் பையனை வரச்சொல்லு. கூரை வேலை முடிஞ்சிருச்சில்ல. சாமானெல்லாம் எடுத்துட்டுப் போகட்டும்."

அம்மா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

தாதா வந்தார். அப்பா சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். எடுத்துக்கொள்கிறேன் காக்கு, ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், நானே இன்றைக்கு வருவதாக இருந்தேன் என்றார். அம்மா போட்டு முடித்த தாளத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். நல்ல வேகம். அத்தையின் கால்விரல்கூட அசைந்ததைப் பார்த்தேன்.

"என்ன கேட்கிறது?" என்று அப்பாவைக் கேட்டார் தாதா.

"கொட்டுச் சத்தம்."

"எந்தப் பக்கம்?"

அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இடது பெட்டியில்தான் பெரிதாக இருந்தது. வலது பெட்டி ஏதோ பக்கத்து வீட்டில் பாடுவதுபோல.

காக்கிமா எது செய்தாலும் இப்படித்தான் வருகிறது, முதலில் வயர் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றினேன், பிறகு ஹெட்போனையும் மாற்றிவிட்டேன் என்றார் தாதா. பிறகு அம்மாவிடம் ஹெட்போனைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் சரியா கேக்குதான்னு கேக்குறாரும்மா."

"கேக்குதே. சமமாத்தான் இருக்கு."

தாதா ஹெட்போனைக் கழற்றி, திருப்பி, இடது பக்கம் வலது காதில் வரும்படி மாட்டிவிட்டார். அம்மா முகம் சுளித்தாள்.

"இது என்ன, எல்லாம் ஒரே பக்கமாப் போயிருச்சு. இந்தப் பக்கம் ஒண்ணையும் காணோம்."

தாதா என்னைப் பார்த்தார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அப்பாவுக்கு வங்காளம் பாதிதான் புரியும், அத்தைக்குச் சுத்தமாகப் புரியாது. அந்த அறையில் அதைத் தமிழில் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

"அம்மா, ஒனக்கு இடது காது சரியா கேக்கலைன்னு தாதா சொல்றாரு."

அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "ஏதாவது பேசுங்க" என்றாள் அப்பாவிடம். அப்பா அவள் பெயரைச் சொன்னார். இன்னும் ஒரு தடவை உரக்கச் சொன்னார். அம்மா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி அன்றைக்கு மேலே போகவில்லை.

எங்களுக்கு வந்த பயம் வேறு. அம்மாவின் அண்ணன், என் மாமா, தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவர். நாற்பது வயதில் ஒரு காதிலிருந்து தொடங்கி இரண்டும் போய்விட்டது. முதலில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். பிறகு சைகை காட்டினார்கள். பிறகு அதுவும் இல்லை. விசேஷ வீடுகளில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யார் சிரித்தாலும் கூடச் சிரிப்பார். ஆஸ்பத்திரியில் நாள் கிடைப்பதற்கு ஒரு வாரத்துக்குமேல் ஆனது. அந்த நாட்களில் அம்மா ஹெட்போனைத் தொடவில்லை. டிரான்சிஸ்டரை வலது காதில் வைத்துக்கொண்டு வால்யூமைக் குறைத்துக்கொண்டே போவாள். எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். "நேத்தைக்கு விட இன்னைக்குக் கொறைஞ்சிருக்கோ?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? அத்தை அந்த வாரம் முழுக்க இருந்த இடத்திலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் நின்று, "ஒன்னயத்தான்மா" என்பார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். சோதனை அறைக்கு அனுப்பினார். கண்ணாடிச் சன்னல் வைத்த சின்னக் கூண்டுபோல ஓர் அறை. சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும் என்று அம்மா கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சோதனை செய்கிற இளம்பெண் வெளியே இயந்திரத்தின்முன் உட்கார்ந்தார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில். அப்பா வாசலில் நின்று குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்.

சோதனை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா பொத்தானை அழுத்தினாள். கொஞ்சம் கழித்து மறுபடி அழுத்தினாள்.

சத்தமே கொடுக்கவில்லையே, உன் அம்மாவுக்கு என்ன கேட்கிறது என்று என்னிடம் கேட்டார். அவர் குரலில் சந்தேகம் இருந்தது. நான் கதவைத் திறந்தேன்.

"அம்மா, இப்ப ஏதாவது கேட்டுச்சா?"

"கேக்கல."

"பெறகு ஏன் அழுத்துற?"

"இப்ப வரணும்ல?" என்றாள் அம்மா.

நான் அதை வங்காளத்தில் சொன்னதும் அந்தப் பெண் ஒரு கணம் விழித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அன்று காலையிலிருந்து ஆள்மேல் ஆளாகப் பார்த்த அலுப்பில் அவர் சத்தங்களை ஒரே இடைவெளியில் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார். அம்மா அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். காது கேட்காத இடத்திலும் விரல் அழுத்தியிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை அந்தப் பெண் தாளமே இல்லாமல், பிடிகொடுக்காமல், கண்டபடி கொடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றி வியர்வை கண்ணாடி வழியே தெரிந்தது.

டாக்டர் வரைபடத்தை மேஜையில் விரித்தார். அவர் சொன்னதைத் துண்டு துண்டாக நான் சொன்னேன். இடது காது சவ்வில் ஓட்டை. பழைய ஓட்டை, சின்ன வயதில் விழுந்தது. உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது. வலது காதில் ஒரு குறையும் இல்லை.

"மாமாவுக்கு வந்த மாதிரி ஆகுமான்னு கேளு" என்றார் அப்பா. அவர் குரல் என்னவோபோல் இருந்தது.

கேட்டேன். ஆகாது என்றார் டாக்டர். இது வேறு, அது வேறு. நிதானமாக ஒரு சின்ன ஆபரேஷன் செய்து ஓட்டையை அடைக்கலாம், பெரும்பாலும் கேட்டுவிடும் என்றார்.

"ஆகாதாம்மா" என்றேன். மொழிபெயர்ப்பே என் தொழிலான பிறகு அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ பேருக்கு எத்தனையோ மொழியில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்ன மாதிரி சொன்னதில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் கடையில் அப்பா மண்குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா குவளையை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னாள். ஐந்தாறு வயதில் காதில் சீழ் வடிந்திருக்கிறது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். சீழ் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"இத்தனை வருசமா நீ ஏன் சொல்லல?" என்றார் அப்பா.

"என்னன்னு சொல்ல? எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நெனச்சேன்."

அப்பா குவளையைக் கீழே வைத்தார். சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசலிலேயே நின்றார். விஷயத்தைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. மறுநாள் தாதா வந்தபோது அத்தை என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். "அந்தக் காதுக் குடத்த எனக்கும் ஒருக்கா மாட்டிப் பாக்கச் சொல்லு பாப்பா. என் காது எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிறேன்." தாதா மாட்டிவிட்டார். இரண்டு காதும் கணீரென்று இருந்தன. அதன்பிறகு அத்தை தினமும் மத்தியானம் அம்மாவின் வலது பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல இன்னும் ரெண்டு கொட்டு போடு" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா தட்டியதைத் தாதா இரண்டு பக்கமும் சமன்செய்து கொடுத்தார். அஷ்டமி சாயங்காலம் ஆளுயர ஸ்பீக்கர்களில் அது அதிர்ந்தது. சாம்பிராணிப் புகைக்கு நடுவே பிள்ளைகள் ஆடினார்கள். ஒலிபெருக்கியில் தாதாவின் பெயரை மட்டும்தான் சொன்னார்கள். தாதா மேடைக்கு ஓடிப்போய் ஏதோ சொன்னார். உடனே 'இரண்டாவது மாடிக் காக்கிமா' என்று திருத்திச் சொன்னார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாதான் முதலில் கைதட்டினார்.

பூஜை முடிந்ததும் அத்தை ஊருக்குப் போனார். மேஜை மேலே போனது. கொஞ்ச நாள் அம்மா சாயங்காலத்தில் மேல்மாடிக்குப் போய் வாசித்துவிட்டு வந்தாள். அடுத்த வருடம் எங்களுக்கு வேறு குடியிருப்பு கிடைத்தது. அந்தச் சாம்பல் பெட்டி பிற்பாடு என்ன ஆனதோ தெரியாது.

ஆபரேஷன் குளிர்காலத்தில் நடந்தது. தலையைச் சுற்றிக் கட்டோடு அம்மா வீட்டில் நடமாடியது ஞாபகம் இருக்கிறது. கட்டைப் பிரித்தபின்னும் உடனே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்க ஆரம்பித்தது. அம்மா எப்போதும் வலது பக்கமாகச் சாய்ந்துதான் படுப்பாள். நல்ல காது தலையணையில் அழுந்திவிட்டால் பிறகு அவளுக்கு உலகமே கிடையாது. கல்யாணமான பதினாலு வருடமும் அப்படித்தான் தூங்கியிருக்கிறாள்.

ஒருநாள் காலையில் அவள் கண் சிவந்து, தலை கலைந்து சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா காபிக்காக வந்து உட்கார்ந்தார்.

"என்ன, தூங்கலையா? காது வலிக்குதா?" என்று பதறிக் கேட்டார்.

அம்மா டம்ளரை அவர்முன்னால் வைத்தாள். அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க கொறட்டை விடுவீகன்னு ஏன் ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல?"